சர்க்கரை பார்டரில் இருந்தபோது எங்கள் பலசரக்குச் சிட்டையில் மாற்றியவை

போன வருடம் பாளையங்கோட்டையில் எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்தபோது வெறும் வயிற்றில் 114 இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. “பார்டர்ல இருக்கு. மாத்திரை இப்ப வேண்டாம். சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணுங்க, அப்புறம் பாப்போம்” என்றார் டாக்டர்.

எனக்கு வயது 42. அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இடுப்பைச் சுற்றி அளந்தால் 92 செ.மீ.; நம் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய மதிப்பெண் முறை ஒன்று உண்டு. 35 முதல் 49 வயதுக்கு 20, பெண்களுக்கு இடுப்பு 90ஐத் தாண்டினால் 20, பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10. எனக்கு இதிலேயே 50 வந்துவிட்டது. உட்கார்ந்த வேலைக்கான மதிப்பெண்ணைச் சேர்த்ததும் 60ஐத் தாண்டியது. 60 வந்தாலே ஆபத்து அதிகம் என்று கணக்கு.

‘சாப்பாட்டைச் சரி பண்ணுங்க’ என்பதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். ராத்திரி சப்பாத்தி, காலையில் வெந்தயத் தண்ணீர், சோற்றையே விட்டுவிடு என்று போயிற்று. எனக்குத் தேவைப்பட்டது ஓர் அளவு. அது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியில் கிடைத்தது. மொத்தம் 17 வழிகாட்டுதல்கள். அதில் ஒரு நாளைக்கு 2000 கலோரிக்கான தட்டு என்று ஒன்று வருகிறது: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைக்காத எடை. பருப்புக்கு ஈடாக மீன், முட்டை, கறியும் வைத்துக்கொள்ளலாம்.

சாப்பிடுகிற ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுக்க யாராலும் முடியாது. அதனால் நான் எங்கள் பலசரக்குச் சிட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் அத்தை, கணவர், காலேஜ் போகும் மகன், நான் என நாலு பேர். நாலு பேருக்கு முப்பது நாள், ஆக எந்தச் சாமானையும் 120ஆல் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் அளவு வந்துவிடும்.

சாப்பாட்டு அரிசி 25 கிலோ, இட்லி தோசைக்கு ரேஷன் அரிசி 12 கிலோ, ரவையும் கோதுமை மாவும் 4 கிலோ. மொத்தம் 41 கிலோ, தலைக்கு 340 கிராமுக்குமேல். துவரை, உளுந்து எல்லாம் சேர்த்து 6 கிலோ, தலைக்கு 50 கிராம். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயுமாக 5 லிட்டர், தலைக்குச் சுமார் 38 கிராம். காய்கறி வாரம் 5 கிலோ, தலைக்கு 180 கிராம்கூட இல்லை. உப்பு ஒன்றரை கிலோ, அதாவது தலைக்கு 12 கிராமுக்குமேல். கொஞ்சம் வடித்த கஞ்சியோடு போகும் என்றாலும், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்ற அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. வெளியில் வாங்கும் மிக்சர், பஜ்ஜி இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இந்த ஒரு தாளைப் பார்த்ததும் எனக்கு வேலை எங்கே என்று தெளிவாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் ஆளுக்கு மிஞ்சிச் சாப்பிடுகிறவர்கள் இல்லை. வாங்கும் சாமானிலேயே அரிசி கூடுதல், காய் பாதி. இதில் எனக்கு மட்டும் தனிச் சமையல், தனித் தட்டு என்று வைத்தால் ஒரு மாதம் தாங்காது என்பது என் திடமான எண்ணம். சாமான் மாறினால் வீட்டில் எல்லோருக்கும் மாறும். சர்க்கரைக்காரரின் பேரனான என் மகனுக்கும் அது தேவை.

அடுத்த மாதச் சிட்டையில் தானியம் 30 கிலோ, பருப்பு பயறு 10 கிலோ, எண்ணெய் மூன்றரை லிட்டர் என்று எழுதினேன். பயறில் பாதி சுண்டலுக்கு: தட்டப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு. சாயங்காலப் பஜ்ஜியின் இடத்துக்குச் சுண்டல் வந்தது. எண்ணெய் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அது காலியாகிவிட்டால் சனி, ஞாயிறு அவியல், மசியல், ரசம்தான். உட்கார்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு 1660 கலோரிதான் அளவு என்பதால், என் பங்கில் சோற்றை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

காய்கறிதான் சிரமம். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்குமேல் வேண்டும், பீன்ஸும் கேரட்டுமாக வாங்கினால் கட்டுப்படியாகாது. மகாராஜ நகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய் சுரைக்காய், பூசணி, முள்ளங்கி, வாழைத்தண்டு, புடலை என்று கனமான காய்களாக வாங்க ஆரம்பித்தோம். முருங்கைக்கீரை வீட்டு மரத்தில். நறுக்குவதற்கே நேரம் போகிறது, அதனால் ராத்திரி டிவி பார்க்கும்போது ஆளுக்கு ஒரு கத்தி என்று வைத்துவிட்டேன்.

அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. “சோத்துக்குத் தொட்டுக்கிடக் காயா, காய்க்குத் தொட்டுக்கிடச் சோறா? இது வயித்துக்குக் காணுமா?” என்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தியது எங்கள் ஊர்க் கூட்டாஞ்சோறு. முன்பு மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு, அரைக் கிலோ காய் போடுவோம். இப்போது ஒன்றரை டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் பருப்பு, கத்தரி, முருங்கை, வாழைக்காய், அவரை என்று ஒன்றேகால் கிலோ காய், மேலே இரண்டு பிடி முருங்கைக்கீரை. தேங்காய், மிளகாய், சீரகம், சின்ன உள்ளி அரைத்து ஊற்றுவது அப்படியேதான். காய் தண்ணீர் விடும், அதனால் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். குக்கரைத் திறந்ததும் வருகிற அந்த வாசம் மாறவே இல்லை. அத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

சிறுதானியம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரிசிக்குப் பதில் கேப்பைக் கஞ்சி குடித்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு, நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தால், நிறையச் சாம்பாரோடு இரண்டு இட்லி சாப்பிட்ட நாளைவிடக் கூடுதலாகவே காட்டியது. ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின் பகுதியாக 2025இல் வெளியான உணவு ஆய்வும் இதையொட்டியே சொல்கிறது: வெள்ளை அரிசியின் இடத்தில் அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் என்று புரதத்தை வைத்துக் கணக்கிட்டபோது குறைகிறது. கேப்பை நல்ல தானியம்தான், சுண்ணாம்புச்சத்துக்கு அதைவிட மேலானது குறைவு. ஆனால் அதையும் அந்த 250 கிராமுக்குள் வைத்துத்தான் எண்ண வேண்டும்.

இந்த மாற்றத்தால் உண்மையில் நோய் தள்ளிப்போகுமா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபின் அது போயிற்று. என்னைப்போல் எல்லையில் இருந்த 531 பேர். வழக்கம்போல் விடப்பட்ட குழுவில் சுமார் 30 மாதத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். எல்லோரையும் காப்பாற்றவில்லை, ஆனால் நூறு பேரில் 16 பேர் என்பது பெரிய விஷயம்.

சாப்பாட்டோடு காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி வேகநடையும் உண்டு. கடைசியாகப் பார்த்தபோது வெறும் வயிற்றில் 101, ஹெச்பிஏ1சி 5.8, இடுப்பு 86. இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறேன், ஆனால் கீழ்ப்பக்கம் வந்திருக்கிறேன். கணவரின் தொப்பையும் குறைந்திருக்கிறது.

உப்புதான் இன்னும் பிடிக்கு வரவில்லை. மாதம் 600 கிராமில் நிற்க வேண்டியது, 900 ஆகிறது. ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்கு வெளியே. அத்தைக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் ஊறுகாய் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன், அதிலேயே பாதி குறைந்தது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்பதால் அத்தையின் பரிசோதனை முடிவு வரும்வரை அதை வாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நாளையிலிருந்தே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்தின் அளவு அப்படியே இருந்து சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். சிட்டையை எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.