வரி நோட்டில் இல்லாத பெயர்

9 ஏப்ரல் 2025, புதன்

நாளை மறுநாள் பங்குனி உத்திரம். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைப் பணியில் இருக்கும் என் அக்காள் மகன், குழந்தைக்கு முடியிறக்கவும் காது குத்தவும் வேன் பேசிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னான். மைனஸ் 253 பாகையில் கொதிக்கிற திரவ ஹைட்ரஜனோடு அன்றாடம் புழங்குகிறவன் அவன். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, "படித்தவனுக்குமா இது?" என்று வேதியியல் ஆசிரியர் சிரித்தார்.

படிப்பு ஏற ஏற நம்பிக்கை இறங்கும் என்ற கணக்கு அவருடைய கேள்விக்குள் இருக்கிறது. 1914ஆம் ஆண்டு ஜேம்ஸ் லூபா என்ற உளவியலாளர் அமெரிக்க அறிவியலாளர்களிடம் கேட்டபோது, வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்புவதாக ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கூறினர். 1996இல் எட்வர்ட் லார்சன், லாரி விதம் என்ற இருவர் அதே கேள்வியைக் கேட்டபோதும் விடை ஏறத்தாழ அதே அளவில்தான் இருந்தது. அணு பிளந்ததும், டி.என்.ஏ. வடிவம் தெரிந்ததும், நிலவில் மனிதன் கால் வைத்ததும் அந்த இடைவெளியில் நடந்தவையே. அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்து உறுப்பினர்களிடம் மட்டும் 7 விழுக்காடுதான் தேறியது என்பதையும் மறைக்கக் கூடாது. வேதியியல் ஆசிரியர் அதைப் பிடித்துக்கொள்வார்.

11 ஏப்ரல், வெள்ளி

குளக்கரையில் எங்கள் குலசாமி சாஸ்தாவின் கோயில். மற்ற நாளில் ஆடு மேய்க்கிறவர் தவிர ஆள் நடமாட்டம் இராத அந்த இடத்தில் காலை எட்டு மணிக்கே வேன்கள் வரிசை பிடித்து நின்றன. மும்பையிலிருந்து ஒரு குடும்பம், துபாயிலிருந்து ஒருவர், பெயர் தெரியாத முகங்கள் எல்லாம் "நீங்க யாரு மகன்?" என்று கேட்டு, பதில் வந்ததும் சித்தப்பாவாகவும் மைனியாகவும் மாறிப் போயின. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதது. நாவிதர் தலையை நனைத்து, நெற்றியிலிருந்து பின்னோக்கி மழித்து, ஈரம் காயுமுன் சந்தனத்தைக் குழைத்துப் பூசினார். எஞ்சின் அழுத்தத்தைத் திரையில் பார்த்துப் பழகிய தகப்பன், கத்தி காதருகே போன கணத்தில் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினான்.

பொங்கல் பானை பொங்கக் காத்திருந்தபோது அத்தையுடன் பேச்சு 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் போயிற்று. குமரிக்கடல் பக்கத்து வளிமண்டலச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை மீறியதையும் நான் விளக்கினேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது டிவியிலயும் சொன்னான். சுழற்சி ஊருக்கெல்லாந்தான் வந்துச்சு. எங்க சுவரு மட்டும் ஏம்ல விழுந்துச்சு?" என்றாள்.

மண் சுவர், தாழ்ந்த தெரு என்று என்னிடம் பதில் உண்டு. அத்தை அதைக் கேட்கவில்லை. சூடான் பகுதியின் அசாண்டே மக்களிடையே வாழ்ந்து இவான்ஸ்-பிரிட்சர்ட் என்ற மானிடவியலாளர் 1937இல் எழுதியதும் இதையே காட்டுகிறது. நிழலுக்காகத் தானியக் குதிரின் அடியில் சிலர் உட்கார்ந்திருக்கையில் குதிர் சரிகிறது. கால்களைக் கரையான் அரித்தது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இன்னார் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் ஏன் சரிந்தது என்பதற்குத்தான் அவர்கள் சூனியத்தைக் காரணம் சொன்னார்கள். தற்செயல் என்பது அறிவியலின் விடை; அது சரியான விடையும்கூட. ஆனால் சுவர் விழுந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விடையோடு யாரும் துணைக்கு வருவதில்லை. இங்கே பொங்கலிட வந்த நாற்பது பேர் அன்று அத்தை வீட்டுக்கு அரிசியும் பாயும் கொண்டுபோனவர்கள். நம்பிக்கை விளக்கமாக மட்டும் இருந்திருந்தால், என் போன்றவர்களின் பாடத்துக்கு முன் அது எப்போதோ தோற்றிருக்கும்.

12 ஏப்ரல், சனி

வேதியியல் ஆசிரியருக்குப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். விவாதம் நடக்கவில்லை.

13 ஏப்ரல், ஞாயிறு

நேற்று முன்தினத்தைப் பற்றி எழுதியதில் இனிப்புக் கூடிவிட்டதாகத் தோன்றுகிறது. உறவுதான் நம்பிக்கையைத் தாங்கி நிற்கிறதென்றால், உறவிலிருந்து தள்ளப்பட்டவருக்குச் சாமியும் இல்லையா? கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பெயர்கள் உண்டு. வேறு சாதியில் மணம் முடித்த எங்கள் பெரியப்பா மகனின் பெயர் அதில் இல்லை. அவரிடம் யாரும் வரி கேட்பதில்லை. கேட்காமல் விடுவதுதான் தண்டனை. அவரோ வீட்டுப் பூஜை அறையில் இதே சாஸ்தாவின் படத்துக்குத் தவறாமல் விளக்கேற்றுகிறார். பகுத்தறிவு பேசுகிறவர்கள் சாமி உண்டா இல்லையா என்பதில் செலவழிக்கும் மூச்சில் பாதியை இந்த நோட்டின் மேல் செலவழிக்கலாம் என்பது என் எண்ணம்.

அக்காள் மகன் வெள்ளியன்றே அந்தப் பெரியப்பா மகனின் பெயரைச் சொல்லி வரியை நீட்டியிருக்கிறான். கணக்கு எழுதுகிறவர் அவனையும் பணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு, தலைக்கட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'நன்கொடை' என்று மட்டும் எழுதி ரசீது கிழித்தார். ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயர் எழுதினால்தான் வாங்குவேன் என்று அவன் நின்றிருக்கிறான். ஆடிக்குள் கூட்டம் போட்டுப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.