சைட்வைண்டர் டியூனிங்: வளைவில் திரும்ப மறுத்த ஸ்லெட்டோடு ஒரு சீசன்

போன அக்டோபரில் 2018 மாடல் யமஹா சைட்வைண்டர் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் ஸ்லெட்) ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 998 சிசி, மூன்று சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், டர்போ, பின்னால் வண்டியைத் தள்ளும் 137 இஞ்ச் டிராக் பட்டை. வரும்போதே 200 குதிரைத்திறனை ஒட்டி இருக்கிற வண்டி, அதிலும் முன்பு வைத்திருந்தவர் என்ஜின் கணினியான ஈசியூவை ஃபிளாஷ் செய்து, பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஏற்றிவிட்டு "240 வரும்" என்று சொல்லி விற்றார். எனக்கு அந்த எண் மட்டும்தான் காதில் விழுந்தது. இங்கே கனடாவில், ஒன்டாரியோ டிரெயிலில் சட்டப்படி வேகமே மணிக்கு 50 கிலோமீட்டர்தான், அதற்கு எதற்கு 240 என்று மனைவி கேட்டாள். அதற்கு அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் ஹாலிபர்டன் பக்கம் முதல் ஓட்டம். நேர்ப்பாதையில் சொர்க்கம். மரங்களுக்கு நடுவே முதல் வளைவு வந்ததும் ஹேண்டிலைத் திருப்புகிறேன், முன்னால் இருக்கும் ஸ்கீ இரண்டும் திரும்பி நிற்கிறது, வண்டி மட்டும் நேராகப் போகிறது. பயத்தில் கட்டைவிரல் த்ராட்டிலை விட்டால் மூக்கு இறங்கித் திரும்புகிறது. மறுபடி கட்டைவிரலை அழுத்தினால் பூஸ்ட் ஏறி, எடை பின்னால் போய், ஸ்கீ லேசாகி, திரும்பவும் நேராக. பின்னால் வந்த யாழ்ப்பாணத்து நண்பன் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "என்னடாப்பா, கலப்பையில பூட்டின மாடு மாதிரி நேராப் போறாய்?"

வீட்டுக்கு வந்து கராஜில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய ஆள் உறைந்த ஏரியில் நேர்ப் பந்தயம் ஓடுகிறவர். அதற்கு எடை பின்னால் போய் டிராக் பனியைக் கவ்வ வேண்டும், முன்னால் ஸ்கீ காற்றில் மிதந்தாலும் பரவாயில்லை. அதனால் டிராக்கின் முன்பகுதி எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட்டர் ஸ்ட்ராப்பைக் கடைசித் துளைவரை நீட்டிவிட்டிருந்தார், டிராக்குக்குள் முன்பக்கம் இருக்கும் நடு ஷாக்கின் ஸ்பிரிங்கை நன்றாக இறுக்கியிருந்தார், பின்பக்கத்தைத் தாங்கும் டார்ஷன் (முறுக்கு) ஸ்பிரிங்கை மூன்று நிலைகளில் மிக மென்மையானதில் வைத்திருந்தார். மூன்றுமே ஸ்கீ மேல் இருக்கும் பாரத்தைக் குறைக்கிற வேலைகள். அவர் ஓட்டத்துக்கு அது சரி, என் ஓட்டத்துக்கு நேர் எதிர்.

புதிதாக வாங்கினவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் சாக் (sag), அதாவது ஆள் ஏறினதும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதை, அளந்துவிடுங்கள். பின் பம்பரைத் தூக்கி, ஸஸ்பென்ஷன் முழுதாக நீண்டிருக்கும்போது தரையிலிருந்து உயரம் ஒரு அளவு. அப்புறம் ஜாக்கெட், பூட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவை குதித்து அமர்ந்த பிறகு இன்னொரு அளவு. இந்த இரண்டாவதை வேறு ஆள்தான் எடுக்க வேண்டும், எனக்கு என் மகள் தையல் டேப்பால் எடுத்தாள். உடுப்போடு நான் 92 கிலோ. வித்தியாசம் 15 சென்டிமீட்டர் வந்தது. 8 முதல் 10-க்குள் இருந்தால் எனக்குப் போதும். அதாவது நான் உட்கார்ந்தாலே வண்டி பாதி குந்திவிடுகிறது, மேட்டுப் பள்ளத்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

டார்ஷனை நடு நிலைக்கு மாற்றினேன். அதற்கென்று ஒரு சாவி இருக்கிறது, அது இல்லாமல் முயன்று விரல் நகம் ஒன்று நீலமானது. நடு ஷாக் ஸ்பிரிங்கை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். சாக் 10-க்கு வந்தது. ஸ்ட்ராப்பை ஒரு துளை குறைத்தேன். அடுத்த சனிக்கிழமை அதே வளைவு, வண்டி திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன், ஒரு துளை இவ்வளவு தந்தால் இரண்டு துளை எவ்வளவு தரும் என்று இன்னொன்றும் குறைத்தேன்.

அந்த ஓட்டத்தை மறக்க முடியாது. ஹேண்டில் கல்லாகிவிட்டது, அறுபது கிலோமீட்டர் ஓடுவதற்குள் தோள்பட்டை கழன்றது. பழைய ரயில் பாதையில் இறுகிய பனியில் முன்னால் போனவர்களின் கார்பைட் (ஸ்கீயின் அடியில் இருக்கும் கடின உலோகப் பட்டை) கோடு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் என் ஸ்கீயும் மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறது, இடம் வலம் என்று மூக்கை ஆட்டுகிறது. பிரேக் பிடித்தால் பின்பக்கம் லேசாகி ஒரு பக்கமாக வரப் பார்க்கிறது. அன்று இரவே இரண்டாவது துளையைத் திருப்பி வைத்துவிட்டேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன், செய்ய மாட்டேன்.

மூக்காட்டம் அதற்குப் பிறகும் கொஞ்சம் இருந்தது. ஸ்கீ நேர்கோட்டை அளந்தபோது காரணம் கிடைத்தது. ஹேண்டிலை நேராகக் கட்டிவிட்டு, இரண்டு ஸ்கீ நுனிகளையும் ரப்பர் பட்டையால் சேர்த்து இழுத்தேன், அப்போதுதான் இணைப்புகளில் இருக்கும் ஆட்டம் எல்லாம் ஒரே பக்கம் போய் அளவு உண்மையாக வரும். பிறகு கார்பைட்டின் முன்னும் பின்னும் இடைவெளியை அளந்தேன். முன்னால் 4 மில்லிமீட்டர் குறுகலாக இருந்தது. நமக்கு வேண்டியது அதற்கு எதிர், முன்னால் சற்று விரிந்து. ஸ்கீயைத் திருப்பும் டை ராடைத் திருகி 3 மில்லிமீட்டர் விரிவுக்குக் கொண்டுவந்தேன். தேய்ந்த கார்பைட்டையும் கழற்றிவிட்டு இரட்டை வரிசை கார்பைட் ரன்னர் போட்டேன். இப்போது ரயில் பாதையில் ஒரு கையால் ஓட்டலாம்.

சரி, டர்போ.

வண்டியோடு பூஸ்ட், காற்று-எரிபொருள் விகிதம், என்ஜின் சக்தியை டிராக்குக்குக் கடத்தும் பெல்ட்டின் சூடு மூன்றுக்கும் மீட்டர் வந்தது. நான் முதலில் பூஸ்ட்டை மட்டும் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது என்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரும் பெல்ட் சூடும். முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 8,700 சுற்றை ஒட்டி நிற்க வேண்டிய என்ஜின் 9,100-க்குப் போனது. பூஸ்ட்டை ஏற்றி டார்க்கைக் கூட்டினவர் என்ஜின் பக்கத்துப் பிரைமரி கிளட்ச்சில், சுழலும்போது பெல்ட்டைப் பிடிக்கவைக்கும் வெயிட்டைக் கூட்டவில்லை. வெயிட் இலேசாக இருந்தால் கிளட்ச் பெல்ட்டைப் போதுமான அளவு பிடிக்காது, பெல்ட் வழுக்கும், சூடாகும். என் மீட்டரில் 105 டிகிரி செல்சியஸ் காட்டியது. இது தெரிந்தும் "இந்த வாரம் மட்டும்" என்று கிளம்பினேன்.

மைனஸ் 24. மிண்டனுக்கு வடக்கே, ஆள் அரவமில்லாத இடம். முதலில் கருகின ரப்பர் வாடை, அப்புறம் பக்கவாட்டு மூடிக்குள் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம், அதோடு வண்டி நின்றுவிட்டது. மாற்று பெல்ட் இருந்தது, அது பிரச்சினை இல்லை. பழைய பெல்ட்டின் நூல்கள் பெல்ட்டின் மறுமுனையில் இருக்கும் செகண்டரி கிளட்ச்சுக்குப் பின்னால் தண்டில் கொச்சைக் கயிறு மாதிரிச் சுற்றி இறுகியிருந்தன. கையுறையோடு நூலைப் பிடிக்க முடியாது, கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் செத்துவிடும். நண்பன் தலை விளக்கைப் பிடிக்க, நான் மூக்குக் குறடால் ஒவ்வொரு நூலாக வெட்டி இழுத்தேன், நடுநடுவே சூடான மஃப்ளர் பக்கம் கையை வைத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறைத்தது.

அடுத்த வாரம் வெயிட்டின் நுனித் துளைகளில் கனமான ரிவெட் போட்டேன். நுனியில் கூட்டினால் மேல் வேகத்தில் சுற்று குறையும், அடியில் கூட்டினால் கிளம்பும்போது குறையும், எனக்கு வேண்டியது முதலாவது. மூன்று வெயிட்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்பதால் நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னதாக ஒன்று வாங்கினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல் கூட்டியதும் 8,750-இல் நின்றது. கிளட்ச் முகங்களைச் சொரசொரப்புப் பட்டையால் தேய்த்து, புதுப் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிப் போட்டேன். பெல்ட் சூடு 80-க்குள் வந்துவிட்டது.

இங்கே குளிரும் கணக்கில் வரும். பூஜ்யத்தில் இருக்கும் காற்றைவிட மைனஸ் 25-இல் காற்று ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி. ஒரே வண்டி, ஒரே டியூன், ஆனால் ஜனவரியில் இழுத்த இழுப்பு மார்ச் மதியத்தில் இருக்காது. அதனால் ஒரு மிதமான நாளில் சுற்று கொஞ்சம் தப்பினால் உடனே ரிவெட்டைக் கழற்றாதீர்கள்.

பிப்ரவரி கடைசியில் பூஸ்ட்டைக் குறைத்த டியூனுக்கு மாற்றிவிட்டேன், அதாவது கம்பெனி அமைப்புக்கு. 91 ஆக்டேன் (உயர்தர) பெட்ரோல் பம்ப் எல்லா ஊரிலும் கிடைக்காது, கிடைக்கும் இடத்திலும் எத்தனை நாள் தொட்டியில் கிடந்த பெட்ரோல் என்று யாருக்குத் தெரியும், அதை நம்பி ஏற்றின பூஸ்ட்டில் ஓட மனம் வரவில்லை. ரிவெட்டிலும் பாதியைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. வளைவிலிருந்து வெளியே வரும்போது கட்டைவிரல் அழுத்தினால் இப்போது உதை இல்லை, தள்ளல்தான். முன்னால் போகும் நண்பனின் வண்டிக்கும் எனக்கும் உள்ள இடைவெளி, சத்தியமாக, முன்பைவிடக் குறைந்திருக்கிறது. 240-ஐ விட்டுக்கொடுக்க ஒரு வாரம் துக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஐஸ் மாதிரி இறுகின பாதையில் ஸ்கிராட்சரை (பனியைக் கீறித் தூள் கிளப்பும் கம்பியை) இறக்க மறக்காதீர்கள். பனித்தூள் பறந்து டிராக்குக்கு மேல் இருக்கும் டனலுக்குள் படிந்தால்தான் கூலன்ட் குளிரும், டிராக் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையும் உருகாமல் இருக்கும். நான் ஒரு முறை மறந்தேன், வெப்ப விளக்கு எரிந்த பிறகு ஓரத்தில் இருந்த புதுப் பனிக்குள் இறங்கி உருண்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல், அலை அலையாகக் குழி விழுந்த பாதையில், பின்பக்கம் இன்னும் திருப்தி இல்லை. தனிக் குழியை அழகாக விழுங்குகிறது, தொடர்ச்சியாக நாலு வந்தால் மூன்றாவதிலேயே இடிக்கிறது. ஷாக் அமுங்குவதை எதிர்க்கும் கம்ப்ரஷனை ஒரு நிலை கூட்டிப் பார்த்தேன், சின்ன அதிர்வெல்லாம் முதுகுக்கு வந்ததே தவிர இடி நிற்கவில்லை. மார்ச் மூன்றாம் வாரம் டிரெயிலை மூடிவிட்டார்கள், வண்டியைக் கழுவும்போது பின் ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பிசுபிசுப்பைப் பார்த்தேன். இரண்டு மாதமாக ஸ்பிரிங்கோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது ஒரு கசியும் ஷாக்கை வைத்துக்கொண்டு. கழற்றி மேசை மேல் வைத்திருக்கிறேன், மே மாதம் சர்வீஸுக்குப் போகிறது.