மறதியா, காது கேட்கவில்லையா?

முதியோர் நலப் பிரிவில் நான் செவிலியர். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் நினைவாற்றல் பரிசோதனை செய்வது என் வேலை. கூட வரும் மகனோ மகளோ பெரும்பாலும் கேட்பது, "மூளைக்கு ஏதாவது சத்து மாத்திரை இருக்கா? சுடோகு போடச் சொல்லலாமா?" என்றுதான். போடட்டும், தப்பில்லை. நான் முதலில் விசாரிப்பது காதைப் பற்றி.

காரணம் பரிசோதனையிலேயே இருக்கிறது. சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வோம்; சில நிமிடம் கழித்து மறுபடி கேட்போம். முதலிலேயே காதில் சரியாக விழாத சொல் பிறகு எப்படி நினைவுக்கு வரும்? கேட்காமல் போனதா, மறந்து போனதா என்று மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு, என் உதடு தெரியும்படி எதிரே உட்காருவேன். ஹெட்போன் வைத்த சின்ன ஒலிபெருக்கி ஒன்றும் மேஜையில் இருக்கும். சிலருக்கு அதுவும் வேண்டாம், காதில் அடைத்த அழுக்கை எடுத்தாலே போதும்.

"அப்பா சொன்னதையே மறந்துடறார்" என்பார்கள். வீட்டில் டிவி சத்தம் எப்படி என்று கேட்டால் சிரிப்பு வரும். வயதானால் பெரும்பாலும் உயர் சுருதி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். பேச்சின் சத்தம் விழும், ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். "சத்தம் கேட்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல" என்று அவர்கள் சொல்வது இதனால்தான். கத்திப் பேசினாலும் தெளிவு வராது. விட்டுப்போன ஒலிகளை ஊகித்து ஊகித்து மூளை களைத்துப்போகும், நினைவில் பதிக்கத் தெம்பு இருக்காது. நாளடைவில் கூட்டத்தைத் தவிர்ப்பார்கள், போனை எடுக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களும் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கடைசி விஷயம்தான்.

டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல், மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைக் குறிப்பிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்தால் கிட்டத்தட்ட 45 சதவீத பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்பது அதன் கணிப்பு. அதில் பெரிய பங்கு, தலா 7 சதவீதம், காது கேளாமைக்கும் நடுவயதில் கூடும் கெட்ட கொழுப்புக்கும். இது மக்கள்தொகைக் கணக்கு, தனி ஒருவருக்கான உத்தரவாதம் அல்ல.

காது மெஷின் வைத்தால் மறதி வராது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த 'அச்சீவ்' ஆய்வில் (2023), மொத்தமாகப் பார்த்தால் மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மறதி நோய்க்கான ஆபத்து ஏற்கெனவே அதிகமிருந்த பிரிவினரிடம் மட்டும் மெஷினால் நினைவு, சிந்தனைத் திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது.

பிரஷர், சுகர், நடை, தூக்கம், புகை எல்லாவற்றையும் கேட்கத்தான் செய்கிறேன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார்கள். காது மெஷின் மட்டும் அலமாரிக்குள் போய்விடுகிறது. முதல் சில வாரம் தட்டு விழும் சத்தம் இடி மாதிரி இருக்கும், தன் குரலே அந்நியமாகத் தோன்றும். அதற்குள் பலர் கழற்றிவிடுகிறார்கள். பழகும்வரை அமைதியான அறையில் தினமும் கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு, பொருந்தவில்லை என்றால் அளவைத் திருத்தி வாங்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லாமல்தான் பாதிப் பேர் வீட்டுக்குப் போகிறார்கள்.

மெஷின் பழகிய பிறகு அதே பரிசோதனையை மறுபடி செய்வோம். சிலருக்கு மதிப்பெண் ஏறும். ஏறாதவர்களுக்கு பி12 வைட்டமின், தைராய்டு, ஸ்கேன் என்று டாக்டர் அடுத்த கட்டத்துக்குப் போவார்.