பழைய டெஸ்க்டொப்புக்கு எஸ்எஸ்டி போட்டுப் பாத்த அனுபவம் – கிளிநொச்சியிலயிருந்து

எஸ்எஸ்டி எண்டது சுத்துற தட்டு இல்லாமல் சிப்பில டேட்டா வைக்கிற டிஸ்க். நான் அதைப் போட்ட மெசின் இதுதான்: எச்61 மதர்போட், ரெண்டாந் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. நான் பாத்த வரைக்கும் கிளிநொச்சி பரந்தன் பக்கத்து வீடுகளில இப்பவும் ஓடுற டெஸ்க்டொப்பில கனக்க இந்தச் சாதிதான். அக்கான்ர மகன் உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கிறான், அவனுக்கும் பாவிக்கிற மாதிரி ஆக்கிக் குடுக்கோணும் எண்டு துவங்கினது, பேந்து எனக்கே இதில பெரிய விருப்பம் வந்திட்டுது.

துவங்க முன்னம் அளந்து வச்சனான். பட்டனை அமத்தினதில இருந்து பிரவுசர் திறந்து பாவிக்கக்கூடிய நிலைக்கு வர மூண்டு நிமிசத்துக்கு மேல. டாஸ்க் மனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 வீதத்தில நிண்டபடி, சிபியு சும்மா கிடக்குது. மெசின் கிழடாப் போனதால இல்லை, சிபியு டிஸ்க்கைப் பாத்துக்கொண்டு காவல் நிக்குது, அதுதான் விசயம்.

கனபேர் சொன்னது, "அண்ணை, எச்61 போட்டில சாட்டா 2 தானே இருக்கு, எஸ்எஸ்டி போட்டு என்ன பிரயோசனம், காசை வீணாக்காதேங்கோ" எண்டு. அவையள் சொல்லுற முதல் பாதி சரி. சாட்டா எண்டது டிஸ்க்கை மதர்போட்டோட இணைக்கிற வழி, எச்61 சிப்செட்டில சாட்டா 2 மட்டுந்தான், செக்கனுக்கு 3 கிகாபிட், கையில கிடைக்கிறது 280 மெகாபைட்டுக்குள்ள. சாட்டா 3 எண்டால் 550 மட்டில வரும். ஆனா விண்டோஸ் துவங்கேக்க பெரிய ஃபைல் ஒண்டை நேராப் படிக்கிறேல்ல, ஆயிரக்கணக்கான குட்டிக்குட்டித் துண்டுகளை டிஸ்க்கின்ர வேற வேற இடத்தில இருந்து பொறுக்குது. 7200 ஆர்பிஎம் ஹாட் டிஸ்க் ஒருக்காச் சுத்த 8.3 மில்லிசெக்கன், சராசரியாப் பாதிச் சுத்து காத்திருக்கோணும், அதோட தலை நகருற நேரத்தையும் சேத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 12, 13 மில்லிசெக்கன் போயிடும், எஸ்எஸ்டியில சுத்துறதும் இல்லை நகருறதும் இல்லை, அதே வேலை 0.1 மில்லிசெக்கன் அளவில முடியுது. இந்த வித்தியாசத்தைச் சாட்டா 2 தடுக்காது. இதை விளங்கினாப் பிறகுதான் நான் 240 ஜிபி ஒண்டு வாங்கினது, விண்டோஸில அது 223 எண்டுதான் காட்டும், பயப்பிடாதேங்கோ, கணக்குப் பாக்கிற முறை வேற, அவ்வளவுதான்.

கேசைத் திறந்தால் உள்ளுக்கு முழுக்கச் செம்புழுதி. எங்கட பக்கத்து மண் எங்க எண்டாலும் பூந்திடும். பிரசாலயும் புளோவராலயும் துப்பரவாக்கி, சிபியுவுக்கு வெப்பம் கடத்துற பேஸ்டும் புதுசாப் பூசினன். எஸ்எஸ்டி 2.5 இஞ்சி, டெஸ்க்டொப்பில உள்ள இடம் 3.5 இஞ்சி, அதுக்கு ஒரு பிராக்கெட் வேணும். உள்ளுக்கு அசையிற சாமான் ஒண்டும் இல்லாதபடியா நிமித்தியோ சரிச்சோ எப்பிடிப் பூட்டினாலும் ஓடும்.

பூட்டினாப் பிறகு விண்டோஸ் ஏத்த முன்னம் பயோசுக்குள்ள (விண்டோஸ் துவங்க முன்னம் திறக்கிற செட்டிங் திரை) போய்ச் சாட்டா மோட் என்னெண்டு பாருங்கோ. இந்தப் பழைய போட்டுகளில பல நேரம் ஐடிஈ எண்ட பழைய முறையில கிடக்கும், அதை ஏஎச்சிஐ எண்ட புது முறைக்கு மாத்தோணும். ஏஎச்சிஐயில தான் என்சிகியூ வேலை செய்யும், அதாவது டிஸ்க் 32 கட்டளை வரைக்கும் ஒண்டா வாங்கி வரிசைப்படுத்திச் செய்யும். ஏற்கனவே ஐடிஈயில ஏத்தின விண்டோஸை வச்சுக்கொண்டு திடீரெண்டு மாத்தினால் நீலத்திரை வரும், அப்பிடியான ஆக்கள் முதல்ல சேஃப் மோட்டுக்குப் போற மாதிரிச் செட் பண்ணி, ரீஸ்டாட் ஆகேக்க பயோசில மாத்தி, சேஃப் மோட்டில ஒருக்கா ஏறவிட்டு, பேந்து சாதாரணமா ஏத்தலாம்.

குளோன் பண்ணுறதோ (பழைய டிஸ்க்கை அப்பிடியே கொப்பி எடுக்கிறது) புதுசா ஏத்துறதோ எண்டு கனக்க யோசிச்சன். கடைசியில புதுசாத்தான் ஏத்தினது, பழைய விண்டோசுக்குள்ள வருசக்கணக்கில சேந்த குப்பையையும் சேத்துக் காவ விருப்பமில்லை, பாமினி மாதிரி வேண்டிய ஃபொன்டுகளை மட்டும் எடுத்து வச்சனான். ஏத்தேக்க ஹாட் டிஸ்க்கின்ர கேபிளைக் கழட்டிப்போட்டு ஏத்துங்கோ. இல்லையெண்டால் விண்டோஸ் பூட் ஃபைலைக் கொண்டுபோய்ப் பழைய டிஸ்க்கில வைக்கும், பிறகு ஒருநாள் அதைக் கழட்டினால் மெசின் ஏறாது. பார்ட்டிசனை விண்டோசையே பிரிக்க விட்டால் 1 எம்பியில இருந்து துவங்கும், 4கே (4 கிலோபைட் துண்டு) கணக்குக்கு அது சரியாப் பொருந்தும். எக்ஸ்பி காலத்தில 63ஆவது செக்டர்ல துவங்கும், அது இந்தக் கணக்குக்குப் பொருந்தாது, அதைத் தூக்கி எஸ்எஸ்டியில குளோன் பண்ணினால் வேகமும் குறையும் தேய்மானமும் கூடும்.

இப்ப அளவு. கிரிஸ்டல் டிஸ்க் மார்க் எண்ட வேகம் அளக்கிற புரோகிராமில ஹாட் டிஸ்க் நேர்ப்படிப்பு செக்கனுக்கு 110 மெகாபைட் மட்டில, குட்டித் துண்டுகளை இடம் மாறி மாறிப் படிக்கிற 4கே ரான்டம் 0.5 மெகாபைட் தான். எஸ்எஸ்டி நேர்ப்படிப்பு 265, 4கே 24. ஆக நேர்ப்படிப்பில ரெண்டரை மடங்குக்குக் கிட்ட, ரான்டமில ஐம்பது மடங்குக்குக் கிட்ட. பட்டனை அமத்தி 25 செக்கனுக்குள்ள பிரவுசர் திறக்குது. மருமோன் பக்கத்தில நிண்டு ரீஸ்டாட் பண்ணிப் பண்ணிப் பாத்தவன்.

ஒப்டிமைஸ் எண்டு சொல்லி நீட்டு நீட்டா லிஸ்ட் சுத்துது, அதில முக்கால்வாசி 30, 60 ஜிபி எஸ்எஸ்டி வந்த காலத்துக் கதை. பேஜ் ஃபைலை (ரேம் போதாட்டி விண்டோஸ் டிஸ்க்கில பாவிக்கிற ஃபைல்) நிப்பாட்டு எண்டு சொல்லுவினம், வேண்டாம், 8 ஜிபி ரேமில அது தேவை. நான் பாத்தது டிரிம் வேலை செய்யுதோ எண்டதைத்தான். கொமாண்ட் புரொம்ட்டில எஃப்எஸ்யூட்டில் கட்டளையால கேட்டால் டிசேபிள் டிலீட் நோட்டிஃபை எண்டதுக்கு 0 வரோணும், 0 எண்டால் டிரிம் ஓடுது. நாங்கள் ஃபைலை அழிச்ச இடம் எதெண்டு எஸ்எஸ்டிக்குச் சொல்லுறது இந்த டிரிம் தான், அது இல்லாட்டி வெறும் இடத்தையும் டேட்டா எண்டு நினைச்சுக் காவித் திரிஞ்சு நாள் போகப்போக எழுதுற வேகம் விழும். விண்டோஸின்ர ஒப்டிமைஸ் டிரைவ்ஸ்ல எஸ்எஸ்டி எண்டு சரியா அடையாளம் கண்டிருந்தால் நேர அட்டவணையை அப்பிடியே விடுங்கோ, அது பழைய மாதிரி டிஃபிராக் பண்ணாமல் டிரிம்மைத்தான் அனுப்பும். ஹைபர்னேட் நான் பாவிக்கிறேல்ல, அதை நிப்பாட்ட மூண்டு ஜிபி மட்டில மிச்சம். அதைவிட முக்கியம் டிரைவை முட்ட நிரப்பாமல் ஒரு 15 வீதமாவது வெறுமையா விடுறது.

தேய்ஞ்சு போயிடும் எண்ட பயமும் வேண்டாம். என்ர டிரைவுக்கு 80 டெராபைட் எழுத உத்தரவாதம் போட்டிருக்கு, ஒருநாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் வருசத்துக்கு 7.3 டெராபைட் தான், கணக்குக்குப் பத்து வருசம் தாண்டும்.

எங்கட இடத்தில எனக்குப் பயம் கரண்டைப் பற்றித்தான். ஐப்பசி கார்த்திகையில இடிமுழக்கத்தோட மழை துவங்கினால் கரண்ட் எப்ப போகும் எப்ப வரும் எண்டு தெரியாது. வீட்டுப் பாவனை எஸ்எஸ்டியில அனேகமாக் கரண்ட் போகேக்க காப்பாத்துற கப்பாசிட்டர் இருக்காது, சேர்வருக்கு விக்கிற வகையிலதான் இருக்கும், எழுதிக்கொண்டு இருக்கேக்க டக்கெண்டு நிண்டால் எந்த டேட்டா எங்க இருக்கு எண்ட அட்டவணையே பழுதாகலாம். அதால யுபிஎஸ் இல்லாமல் எஸ்எஸ்டி போடாதேங்கோ எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லுறது. டிவைஸ் மனேஜருக்குள்ள ரைட் கேச் பஃபர் ஃப்ளஷிங்கை நிப்பாட்டு எண்டு ஒரு தெரிவு இருக்கு, வேகம் கூடும் எண்டு சிலர் சொல்லுவினம், எங்கட பக்கத்தில அதைத் தொடவே கூடாது.

படங்களை நான் எஸ்எஸ்டியில வைக்கேல்ல. இடப்பெயர்வில அல்பங்கள் போன ஆக்கள் நாங்கள், 2009க்குப் பிறகு வெளியில இருக்கிற சொந்தக்காரர் தங்களிட்ட இருந்ததை ஸ்கான் பண்ணி அனுப்பின படங்கள்தான் இப்ப எங்களிட்ட இருக்கிறது. ஹாட் டிஸ்க் சாகிறதுக்கு முன்னம் பல நேரம் சத்தம் போட்டாவது காட்டும், எஸ்எஸ்டி ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு காலமை காணாமல் போயிடும், போனால் உள்ளுக்க இருந்ததை எடுக்கிறது சரியான கஸ்டம். எஸ்எஸ்டியைக் கழட்டி அலுமாரிக்குள்ள வருசக்கணக்கில வைக்கிறதும் சரிவராது, கரண்ட் இல்லாமல் கிடந்தால் செல்லுகளில இருக்கிற சார்ஜ் மெல்ல மெல்லக் கசியும், எங்கட வெக்கைக்கு அது இன்னும் கெதியா நடக்கும். அதால விண்டோசும் புரோகிராமும் எஸ்எஸ்டியில, படங்கள் பழைய 500 ஜிபியில ஒரு கொப்பி, வெளி ஹாட் டிஸ்க்கில இன்னொண்டு, அது அக்கா வீட்டில.

இனிச் செய்ய இருக்கிறது ரெண்டு. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போட் முடிஞ்சுது, இந்தச் சிபியு விண்டோஸ் 11க்கு எடுபடாது, அதால ஒரு பகுதியில லினக்ஸ் மின்ட் ஏத்திப் பாக்கப்போறன், அதில கிழமைக்கொருக்கா டிரிம் தானா ஓடும். மற்றது யுபிஎஸ் பற்றரி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி, வெக்கையில பலமிழந்து இப்ப அஞ்சு நிமிசமும் தாங்குதில்லை, மழைக்கு முன்னம் மாத்தோணும்.