ஹெட் போகவில்லை, கேப்தான் அழுக்கு

"ஹெட் போயிடுச்சு, புது பிரிண்டரே வாங்கிடுங்க" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஹெட் என்பது தாளில் மையைத் தெளிக்கும் பகுதி, அதிலுள்ள நுண்துளைகள்தான் நாசில். எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று காட்டும் நாசில் செக் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். மையை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர் என்பதால் மை சிந்திவிடாமல் மட்டமாகப் பிடித்துத் தூக்கிப் போனதெல்லாம் வீண். இன்றைக்கு அதே பிரிண்டர், அதே ஹெட், ஒரு கோடு விடாமல் அச்சடிக்கிறது. இதே பதிலைக் கேட்டு நல்ல பிரிண்டரை யாரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கருப்பில் வெள்ளைக் கோடுகள், மஞ்சள் பாதி காணோம். எல்லோரும் செய்வதுபோல் பிரிண்டரிலேயே உள்ள ஹெட் கிளீனிங்கை ஓட்டினேன். மஞ்சள் கொஞ்சம் வந்தது, ஆனால் அதுவரை நன்றாக இருந்த சிவப்பு விட்டுப்போனது. மறுபடி ஓட்டினால் இன்னொன்று. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நாசிலில் மை காய்ந்து அடைத்திருந்தால் கோடு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விடும். ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் காற்று புகுந்திருக்கிறதா, உறிஞ்சுவது சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஹெட் ஒரு ஓரமாகப் போய் நிற்கிறது அல்லவா, அங்கே ரப்பர் விளிம்பு வைத்த சின்னக் கேப் ஒன்று கீழிருந்து வந்து ஹெட்டை மூடிக்கொள்ளும். கிளீனிங்கின்போது கீழே உள்ள பம்ப் அதன் வழியாகத்தான் மையை இழுக்கும். விளிம்பில் அழுக்கு ஒட்டியிருந்தால் கேப் சரியாகப் பதியாது. பம்ப் காற்றைத்தான் இழுக்கும். ஹெட் சுத்தமாகாது, வீணாகும் மையைக் கணக்கு வைக்கும் வேஸ்ட் இங்க் கவுண்டர் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அச்சடிக்கக் கொடுத்து, ஹெட் ஓரத்தை விட்டு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் பிறகு கையால் தள்ளினாலே நகர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கேப்பின் விளிம்பைச் சுற்றிக் கருப்பாக, கெட்டியாக மை படிந்திருந்தது. அதில் காகிதத் தூசியும் ஒரு முடியும் ஒட்டியிருந்தன. அந்த முடி ஒன்றே போதும், கேப் பதியாமல் இருக்க.

ஊசி இல்லாத சிரிஞ்சில் டிஸ்டில்ட் வாட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, நூல் பிரியாத துணியால் விளிம்பை ஒற்றி எடுத்தேன். பக்கத்தில் நிற்கும், ஹெட்டைத் துடைத்துவிடும் ரப்பர் வைப்பரையும் துடைத்தேன். அப்புறம் அதே துணியை நாடாவாக மடித்து, நனைத்து, ஹெட் போகும் பாதையில் வைத்து ஹெட்டை அதன் மேல் தள்ளி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது நான்கு நிறமும் தனித்தனிப் பட்டையாகத் துணியில் இறங்கியிருந்தன. மஞ்சள் பட்டை மெலிதாக இருந்தாலும் முழுசாக இருந்தது. ஹெட் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

கடைசியாகக் கேப் நிறையத் தண்ணீர் விட்டு, பிளக்கைச் செருகி ஒரு கிளீனிங். திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றியிருந்தது. பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

உடனே நாசில் செக் எடுத்தால் இன்னும் இடைவெளிகள் இருக்கலாம். மறுபடி கிளீனிங் பட்டனை அழுத்தாதீர்கள். டேங்க் வகையில் 12 மணி நேரமாவது சும்மா விட்டால் குழாயில் உள்ள காற்றுக் குமிழிகள் அடங்கும். எனக்கு மறுநாள் முழுப் பட்டையும் வந்தது. வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு கண்ணுக்குச் சிக்காது. போன் திரையில் நீல நிறத்தை வைத்து அந்த வெளிச்சத்தில் பாருங்கள், கருப்பாகத் தெரியும்.

சில விஷயங்களில் கை வைக்கவே வேண்டாம். ஹெட்டுக்குப் பின்னால் நீளமாக ஓடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் நாடாவில் மை பட்டால் ஹெட் எங்கே இருக்கிறது என்பதே பிரிண்டருக்குத் தெரியாமல் போய்விடும். நிலையாகப் பொருத்திய ஹெட்டுக்குள் சிரிஞ்சால் வேகமாகத் தண்ணீரை அழுத்தினால் உள்ளே கிழிந்துவிடலாம். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது. ஸ்பிரிட் சில ரப்பரைக் கெடுக்கும். டிஷ்யூ பேப்பர் நார் விடும். கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் உள்ள வகை என்றால் இவ்வளவு பயப்பட வேண்டாம், ஈரத்துணியில் ஒற்றினாலே பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் புது கார்ட்ரிட்ஜோடு புது ஹெட்டும் வந்துவிடும்.

தினசரிப் பழக்கத்தில் முக்கியமானது, பிரிண்டரை அதன் பட்டனிலேயே அணைப்பது. சுவர் சுவிட்சை முதலில் தட்டினால் ஹெட் மூடப்படாமலே நின்றுவிடலாம். வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கம் அடியுங்கள். கருப்பு எழுத்து மட்டும் அடித்தால் மற்ற நிறங்கள் சரியாக ஓடாது.

வீணாகும் மையை உறிஞ்சி வைக்கும் வேஸ்ட் இங்க் பேட் நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் நின்றால், கவுண்டரை மட்டும் ரீசெட் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பேடையும் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் மை அடிவழியாகக் கசிந்து மேசையில் இறங்கும்.