30,000 ரூபாய்க்குள் ஓர் ஓட்டைப் படகு

மொரீஷியசுக்கு வந்து 11 ஆண்டுகளாக மஹேபூரில் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும், பவளத் திட்டுக்கு உட்பட்ட அந்த ஆழமில்லாத கடலில் இறங்க எனக்கென்று ஒரு படகு இல்லையே என்ற குறை இருந்துகொண்டே இருந்தது. ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருப்பவனுக்குப் புதுப் படகு கட்டுப்படியாகாது. ஆகவே 2024 ஜூன் மாதத்தில், எல்லாச் செலவும் சேர்த்து 30,000 மொரீஷியஸ் ரூபாயைத் தாண்டுவதில்லை என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டு, கண்ணாடி இழையால் (ஃபைபர்) செய்த, அடிபட்ட பழைய டிங்கி என்ற சிறு படகு ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

கிழக்குக் கரையில் துரூ தோ தூஸ் என்ற ஊரில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. 3 மீட்டர் நீளம். அந்த ஆண்டு ஜனவரியில் வந்த பெலால் புயலின்போது கட்டியிருந்த கயிறு அறுந்து கல்சுவரில் மோதியதில், வலப்பக்க அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. சொன்ன விலை 28,000 ரூபாய். என்னோடு வரச் சம்மதித்தவர், தூத்துக்குடியில் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் இளமையைக் கழித்துவிட்டு இப்போது இங்கே வேறு வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர். நான் படகைச் சுற்றி வந்து ஓட்டைக்கு முன்னால் குந்தியதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை: "தம்பி, ஓட்டைய விடுங்க. அது கண்ணுக்குத் தெரியுது, அதுக்கு விலை பேசிடலாம். தெரியாம கெடக்கிறத மொதல்ல தேடுவோம்."

அவர் தேடிய முறை எளிமையானது. 20 ரூபாய் நாணயத்தின் விளிம்பால் படகின் முன்பக்கமான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று வெடுக்கென ஒலி வந்தது; ஓட்டையைச் சுற்றி ஏறத்தாழ ஒரு முழத்துக்கு, ஊறிய பலகையைத் தட்டினாற்போல் மந்தமாகக் கேட்டது. அடியின் உள்ளே கண்ணாடி இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தால் ஒலி அப்படித்தான் மாறும் என்றார். மந்தமான இடங்களையெல்லாம் சாக்கட்டியால் வளைத்துக் குறித்தபோது, வெளியே தெரிந்த ஓட்டையைப் போலப் பல மடங்கு இடம் கெட்டிருந்தது புலப்பட்டது. மற்றபடி மேல்பூச்சில் நட்சத்திரம் போலக் கிளைவிட்டிருந்த மெல்லிய கீறல்கள் பார்வைக்குத்தான் பயமுறுத்தின. நகத்தால் கீறிப் பார்த்ததில் அவை ஜெல்கோட் எனப்படும் அந்த மேல்பூச்சோடு நின்றுவிட்டன, இழை வரை இறங்கவில்லை.

வீட்டிலிருந்து எடை பார்க்கும் தராசைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அண்ணாச்சி முதலில் சிரித்தார். அணியத்தை ஒரு முறையும் பின்பக்கத்தை ஒரு முறையும் தராசின்மேல் வைத்துக் கூட்டியபோது 88 கிலோ வந்தது. அந்த அளவுப் படகு 60 கிலோவை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இருக்கைகளுக்கு அடியில் மிதப்புக்காக அடைத்திருந்த நுரை, ஆண்டுக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருந்தது. விலையைக் குறைத்தது ஓட்டையைவிட இந்தக் கணக்குதான்.

விற்றவர் பல தலைமுறைகளுக்கு முன் இங்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெரியவர். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். என்றாலும் பேச்செல்லாம் இந்தத் தீவு மக்கள் பேசும் கிரியோல் மொழியில்தான். பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. எஞ்சின் மாட்டும் பின்பலகையில் அண்ணாச்சி தட்டியபோது மேற்பாதி நன்றாகவே ஒலித்தது. ஆனால் அடியில், தண்ணீர் வடியும் துளைக்கு அருகே புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். அங்கே சிறு துளையிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வாங்கிய பிறகு எத்தனை துளை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும், அல்லது பின்பலகை கெட்டது என்றே வைத்துக்கொண்டு இன்னும் 3,000 ரூபாய் குறைத்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. 18,000 ரூபாய்க்கு முடித்துக்கொண்டோம். மொரீஷியஸ் நோட்டுகளில் மதிப்பைத் தமிழிலும் அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தமிழ் எழுத்துகள்மேல் கட்டைவிரலை வைத்து அவர் கிரியோலில் எண்ணி முடித்தார். படகின் பதிவுத் தாளிலிருந்த எண்ணும் படகின் உடம்பில் எழுதியிருந்த எண்ணும் ஒன்றாக இருந்ததைச் சரிபார்த்த பிறகே பணத்தை நீட்டினேன் என்பது மட்டும் அன்று நான் ஒழுங்காகச் செய்த காரியம்.

லாரி வாடகை 1,500 ரூபாய் ஆயிற்று. மறுநாளே துளைக்கருவியோடு பின்பலகைக்குப் போனோம். வடிதுளைக்கு இரண்டு விரற்கடை மேலே துளைத்தபோது, நல்ல மரமாக இருந்தால் வெளிறிய தூளாக உதிர வேண்டியது, கொதிக்கவைத்துப் பிழிந்த தேயிலைத் தூள் போலக் கறுத்து ஈரமாக வந்து முனையில் ஒட்டிக்கொண்டது. குளத்துச் சேற்று நாற்றம் வேறு. ஃபைபர் தோலுக்குள் இருந்த ஒட்டுப்பலகையின் கீழ்ப்பாதி மக்கிப் போயிருந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. சாக்கட்டியை எடுத்து வெட்ட வேண்டிய கோட்டை வரைந்தார்.

படகைக் கவிழ்த்து, நல்ல தண்ணீரால் நாலைந்து முறை உப்புப் போகக் கழுவி, இருக்கைகளைத் திறந்து நுரையை வாரி எறிந்தோம்; பிழிந்தால் துணி போலத் தண்ணீர் சொட்டியது. பிறகு தகரக் கொட்டகையின்கீழ் மூன்று வாரம் காயவிட்டோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வது மஹேபூருக்கும் பொருந்தும். அந்தப் பருவத்தில் தென்கிழக்குக் காற்று இங்கே ஓயாமல் வீசுவது காய்வதற்கு உதவியது. காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஓட்டைக்கு அருகே நான்கு விளிம்பும் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விட்டோம். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். முதல் இரண்டு வாரமும் கோத்தது. மூன்றாம் வாரம் தாள் உலர்ந்தே இருந்தது.

ஓட்டையை அடைப்பது என்றால் ஓட்டையை அடைப்பதல்ல, முதலில் அதைப் பெரிதாக்குவது என்பதை அப்போதுதான் கற்றேன். படகின் உடம்பு 5 மில்லிமீட்டர் தடிமன். அதைப் போல 12 மடங்கு, அதாவது 6 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுற்றிலும் சரிவாக அரைத்தால்தான் புது இழை பழைய இழையைப் பிடித்துக்கொள்ளும். பிரிந்து கிடந்த அடுக்குகளையும் வெட்டி எடுத்துவிட்டு உட்புறத்திலிருந்து கிரைண்டரால் சரித்து முடித்தபோது, உள்ளங்கை அளவு ஓட்டை சோற்றுத் தட்டைவிடப் பெரிதாகி, அதன் வழியே என் மகன் தலையை நீட்டிச் சிரித்தான். முகமூடியும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தும் கழுத்து மடிப்பில் இரண்டு நாள் அரிப்பு அடங்கவில்லை. சூடான தண்ணீரில் குளித்தது தவறு. இழைத்தூளுக்குப் பச்சைத் தண்ணீர்தான் சரி என்று அண்ணாச்சி பிறகு சொன்னார்.

கண்ணாடி இழையை இறுகப் பிணைக்கும் ரெசின் என்ற பிசினில், மலிவான பாலியெஸ்டரா, விலை கூடிய எப்பாக்சியா என்ற கேள்வியில்தான் நெடுநேரம் தடுமாறினேன். பழைய ஃபைபர்மேல் ஒட்டுவதில் எப்பாக்சி வலுவானது. ஆனால் நெய்யாமல், வெட்டிய இழைகளைப் பாய் போல ஒட்டிய சாதாரண 'மேட்'டில் இழைகளைக் கட்டியிருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில்தான் கரையும், எப்பாக்சியில் கரையாது. ஆகவே மேட்டுக்குப் பதில் நெய்த கண்ணாடித் துணி வாங்க வேண்டும். எப்பாக்சியின்மேல் வழக்கமான ஜெல்கோட்டும் சரியாக ஒட்டாது, கடைசியில் பெயின்ட்தான். இவ்வளவையும் கணக்குப் பார்த்து, அடி என்பது தண்ணீருக்குள் இருப்பது, அங்கே கஞ்சத்தனம் வேண்டாம் என்று எப்பாக்சியையே எடுத்தேன்.

வெளிப்பக்கம் மெழுகு தடவிய மெல்லிய தகட்டை அணைத்துக் கட்டிவிட்டு, உட்புறத்திலிருந்து பெரிய துண்டு முதலில், அதன்மேல் சிறியவை என்று துணியை அடுக்கி, தூரிகையால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். துணி நன்றாக ரெசின் குடித்துவிட்டால் வெண்மை போய்க் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். வெண்திட்டு தெரிகிற இடமெல்லாம் காற்று. ஒரு நண்பகலில், நேரம் மிச்சப்படுத்தும் நினைப்பில் 400 கிராம் கலவையை ஒரே கோப்பையில் கலந்துவிட்டுத் துணி வெட்டப் போனேன். திரும்பி வருவதற்குள் கோப்பை கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறிப் புகைந்து, கட்டியாகிவிட்டது. அதன் பிறகு சிறிது சிறிதாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றியே பயன்படுத்தினோம். மறுநாள் அடுத்த அடுக்குக்கு முன், மேலே படிந்திருந்த மெழுகு போன்ற வழுவழுப்பை வெறும் தண்ணீரும் நார்த்துண்டும் கொண்டு தேய்த்துக் கழுவச் சொன்னார் அண்ணாச்சி. கழுவாமல் விட்டால் புது அடுக்கு ஒட்டியது போலிருந்து பிறகு உரிந்து வருமாம்.

பின்பலகையில் உட்பக்கத் தோலை வெட்டி, மக்கிய மரத்தை உளியால் சுரண்டி, படகுக்கென்றே செய்யும் கடல் ஒட்டுப்பலகையை அதே வடிவத்தில் அறுத்து, விளிம்புகளுக்கெல்லாம் எப்பாக்சி குடிக்கவைத்து ஒட்டினோம். இதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எப்பாக்சிக்கு 4,200, கண்ணாடித் துணிக்கு 1,600, பலகைக்கு 2,900, அரைக்கும் வில்லைகள், அசிட்டோன், முகமூடி ஆகியவற்றுக்கு 2,300, பெயின்டுக்கு 1,900 ரூபாய். படகையும் லாரியையும் சேர்த்தால் 32,400. கூடுதலாகப் போன 2,400 ரூபாயில் பெரும்பகுதி, துளையிட விடாத அந்தப் பின்பலகைக்குத்தான் என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் பின்பலகையைக் குறை சொல்லவில்லை.

பதிவை என் பெயருக்கு மாற்றும் வேலை முடிந்து, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எஞ்சின் மாட்டாமல், துடுப்போடு மட்டும் தண்ணீரில் இறக்கினோம். கரையோரத்தில் இருவரும் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். உள்ளே விரல் நனையும் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தது. என் முகம் வாடியதைப் பார்த்த அண்ணாச்சி, ஒட்டுப்போட்ட இடத்தைப் புறங்கையால் தடவிக் காட்டினார், அது உலர்ந்திருந்தது. தண்ணீர் வடிதுளைத் தக்கையைச் சுற்றித்தான் கசிந்தது. அதிலிருந்த ரப்பர் வளையம் பழையது, வெடித்திருந்தது. திங்கட்கிழமைச் சந்தையில் புது வளையம் 60 ரூபாய்க்குக் கிடைத்தது.