"கவிழாதுல்ல சார்?"

முதல் வகுப்பில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "கவிழும். கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது என்பதைத்தான் முதலில் பழகப்போகிறோம்" என்று கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் பதில் சொல்வோம். பொய்யில்லாத பதில். ஆனாலும் கேட்டவரின் தோள் அந்த நொடியே இறுகுவதைப் பார்க்கும்போது, இதைக் கொஞ்சம் கழித்துச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றும்.

முதலில் கவிழ்ப்பதற்கு நியாயம் உண்டு. பயந்தவர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு அப்படியே உறைந்துவிடுவார். துடுப்பு தண்ணீரில் இருந்தவரை கிடைத்த பிடிமானம் அத்தோடு போயிற்று. இடுப்பு விறைத்தால் மேலுடம்பின் நடுக்கமெல்லாம் நேராகப் படகுக்குப் போகும். "இடுப்பைத் தளர்த்துங்க, தூரத்துல பாருங்க" என்று தொண்டை வறளச் சொன்னாலும், உள்ளே சிக்கிக்கொள்வோம் என்ற நினைப்பு இருக்கும்வரை இடுப்பு தளராது.

சரி, எப்படிக் கவிழ்ப்பது? நெஞ்சளவுத் தண்ணீரில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஸ்ப்ரே ஸ்கர்ட் (இடுப்பில் மாட்டி, தண்ணீர் புகாமல் உட்காரும் குழியை மூடும் உறை) இல்லாமல், மூக்கில் கிளிப்போடு. முன்னால் குனிந்தபடி கவிழ்ந்து, படகின் அடியை மூன்று முறை தட்டி, இடுப்பருகே கைவைத்துப் படகைத் தள்ளி, கால்சட்டையை உருவுவதுபோல் வெளியே வர வேண்டும். தட்டும் நேரத்தில்தான் அவசரம் அடங்குகிறது. பின்னால் சாய்ந்தால் தொடை மாட்டும், முகத்துக்கும் பாதுகாப்பில்லை. ஸ்கர்ட் அதற்கப்புறம்தான். அதைக் கழற்ற இழுக்கும் வளையம் வெளியே தெரிகிறதா என்று கரையிலேயே பார்த்துவிட வேண்டும். உள்ளே மடிந்துபோனால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேட வேண்டிவரும். வளையத்தை முதலில் முன்னோக்கித் தள்ளி, பிறகுதான் ஸ்கர்ட்டைக் குழியின் விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும்.

முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சடைப்பவருக்கு இது முதல் பாடமே இல்லை என்றும் வாதிடலாம். பயிற்சியாளரின் படகு முனையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பால் மட்டும் தன் படகைச் சாய்த்து நிமிர்த்துவது அவருக்குப் போதும். மேலே உட்காரும் கயாக்கில் தொடங்கினால் சிக்க இடமே இல்லை. ஆனால் அதில் வந்த தைரியம், உள்ளே உட்காரும் கயாக்குக்கு மாறும்போது பாதியாவது கரைந்துவிடுகிறது.

இதைவிட உறுத்துவது, "சரி, செய்யறேன்" என்ற சம்மதம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று வந்ததா, மனதிலிருந்து வந்ததா? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் அதே ஆள் "இன்னிக்கு வேண்டாம் சார்" என்பதுண்டு. அவரைக் கரையோரமாகவே ஓட்டவிடலாம். ஸ்கர்ட் மட்டும் கிடையாது.